முப்பதாவது மாணவருக்கு என்ன கிடைத்தது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி விளம்பரம் இல்லாத இடம் கிடையாது. நாளிதழின் முதல் பக்கம், டவுன் பஸ்ஸின் முதுகு, மேம்பாலத் தூண், யூடியூபில் பாட்டுக்கு முன்னால் வரும் துண்டுப் படம். எல்லாவற்றிலும் கோட் போட்ட நாலு மாணவர்கள் கைகட்டி நிற்பார்கள். தலைக்கு மேல் லட்சங்களில் சம்பளம். அந்த நாலு பேரும் பொய் இல்லை. அவர்கள் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் அநேகமாக அதே சம்பளத்துக்குத்தான் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளை சேரப்போவது 60 பேர் உட்காரும் ஒரு வகுப்பில். அதில் முதல் நாலு இடத்துக்குள் வந்துவிடுவார் என்று நம்பலாம். ஆனால் நாலு வருஷத்தையும் குடும்பச் சேமிப்பையும் அந்த நம்பிக்கையின் மேல் வைக்கக் கூடாது. வகுப்பின் நடுவில் இருக்கும் முப்பதாவது மாணவருக்கு அந்தக் கல்லூரி என்ன செய்தது? அரியர் இல்லாமல் வெளியே வந்தாரா? வேலை கிடைத்ததா, எவ்வளவு சம்பளம்? அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டும் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றை வடிகட்ட இந்த ஒரு கேள்வியே போதும். இதற்கான பதிலைக் கல்லூரிகள் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

யாரும் திறக்காத பி.டி.எஃப்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. பொறியியலில் அன்றிலிருந்து சென்னை ஐ.ஐ.டி.தான் முதலிடம். நாம் ரேங்க்கை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பி.இ. படிக்கப்போகும் பிள்ளைக்கு அந்த ரேங்க் அவ்வளவாக உதவாது. பொறியியல் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண் ஆராய்ச்சிக் கட்டுரை, காப்புரிமை வகையறாவுக்கு. இன்னொரு 10 சதவீதம், மற்றவர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. பேராசிரியர்கள் கட்டுரை எழுதிக் குவித்தால் ரேங்க் ஏறும். முதலாமாண்டு கணக்கு வகுப்பு அதனால் ஒன்றும் மாறிவிடாது.

ரேங்க்கைவிடப் பயனுள்ளது, அதற்காகக் கல்லூரி அனுப்பிய தகவல் தாள். பங்கேற்கும் கல்லூரி ஒவ்வொன்றும் அதைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். பெரும்பாலும் முகப்பின் அடியில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து, நாலு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணைக்குப் போங்கள். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, சேர்ந்தவர்கள் எத்தனை, டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை, குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை, வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் என்ன என்று வரிசையாக இருக்கும். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வாரியாக வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் மீடியன். சராசரியை ஒரே ஒரு 40 லட்சம் தூக்கி நிறுத்திவிடும். மீடியனிடம் அந்த வேலை பலிக்காது.

இனி ஒரு கூட்டல் கழித்தல். பேச்சுக்கு ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். முதலாமாண்டில் 540 பேர், இரண்டாமாண்டில் நேரடியாக 60 பேர், ஆக 600 பேர் சேர்ந்தார்கள். நாலாவது வருட முடிவில் பட்டம் வாங்கியது 420 பேர். வேலைக்குப் போனது 250, மேற்படிப்புக்கு 30. இதே கல்லூரியின் பேனரில் ‘95 சதவீத பிளேஸ்மென்ட்’ என்றுதான் இருக்கும். எப்படி என்கிறீர்களா? அவர்கள் வகுப்பது 600ஆல் இல்லை; ‘தகுதி பெற்று, பதிவு செய்த’ மாணவர்களின் எண்ணிக்கையால். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.இ. மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. அதில் விழுந்தவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஒரே மாணவர் மூன்று ஆஃபர் வாங்கியிருந்தால் அது மூன்று பேராக எண்ணப்படுவதும் உண்டு. நீங்கள் 250ஐ 600ஆல் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 42 பேர்கூட இல்லை. இந்தக் கல்லூரியில் முப்பதாவது மாணவருக்கு வேலை இல்லை.

ஒரு குறை: இந்தத் தாள் முழுக் கல்லூரிக்குமானது, துறைவாரியாகப் பிரித்துக் காட்டாது. அதைக் கல்லூரியில் நேரில் கேட்க வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப்.பில் பங்கேற்காத கல்லூரி என்றால் இந்த எண்களை எழுத்தில் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

சம்பளத் தொகையையும் உரித்துப் பார்க்க வேண்டும். வருடச் சம்பளம் ஆறு லட்சம் என்று சொல்வதில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., காப்பீடு, வேலையில் சேரும்போது ஒரே முறை தரும் போனஸ், திறமையைப் பொறுத்துத் தருவதாகச் சொல்லும் பங்கு எல்லாம் சேர்ந்திருக்கும். கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. எனவே மீடியன் 3.5 லட்சம் என்று கண்டால், அந்தக் கல்லூரியில் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சம்பளத்துக்கோ அதற்கும் கீழேயோதான் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அது கேவலமில்லை. அதற்கு 15 லட்சம் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி.

தேர்ச்சி சதவீதம்

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தை வெளியிடுகிறது. நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே என இரண்டு தேர்வுகளுக்கும் கிடைக்கும். ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு கட்டாமல் நாலைந்து செமஸ்டரை வரிசையாகப் பாருங்கள். ஒரே கல்லூரி ஒருமுறை மேலேயும் ஒருமுறை அடியிலும் இருந்தால் ஆசிரியர்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இந்தப் பட்டியலில் தன்னாட்சிக் கல்லூரிகளைத் தேடாதீர்கள். அங்கே பாடத்திட்டம், வினாத்தாள், திருத்துவது எல்லாம் கல்லூரியே. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம். நல்ல கல்லூரியின் கையில் தன்னாட்சி ஒரு வரம். பாடத்தை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கலாம், இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு செமஸ்டரையே ஒதுக்கலாம். சோம்பல் கல்லூரியிடம் போனால் தேர்ச்சி 98 சதவீதமாகும், மாணவருக்கு மூன்றாம் ஆண்டு இன்டர்வியூவில்தான் உண்மை தெரியும். தன்னாட்சிக் கல்லூரியில் தேர்ச்சி சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, வேலை எண்ணிக்கையையும் மீடியனையும் மட்டும் பாருங்கள்.

தர முத்திரைகளில் இரண்டைக் குழப்பிக்கொள்கிறோம். நாக் (NAAC) கொடுக்கும் ‘ஏ பிளஸ்’ முழுக் கல்லூரிக்கு. என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் படிப்புக்கு. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று பாருங்கள். பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினரானது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய முதல் அடுக்கு என்.பி.ஏ. பெற்ற படிப்பு, ஆஸ்திரேலியா, கனடா போன்ற உறுப்பு நாடுகளில் பொறியாளராகப் பதிவு செய்யும்போது கை கொடுக்கும். நாக் முத்திரைக்கு நான் அதிக எடை போட மாட்டேன். 2025 பிப்ரவரியில் அதன் ஆய்வுக் குழுவினர் சிலரை லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்ததை மறப்பதற்கில்லை.

பாடம் எடுப்பது யார்?

2024-25 கல்வியாண்டில், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் வைக்கலாம் என்ற உச்சவரம்பு போனது. விளைவு, பெயர் பெற்ற கல்லூரிகளில் சி.எஸ்.இ. இடங்கள் மளமளவென்று கூடின. சிவிலும் மெக்கானிக்கலும் சுருங்கின. 120 பேர் படித்த துறையில் 600 பேர் படித்தால் அது அதே துறை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கல்லூரியில் படித்த மாமா பையன் சொல்லும் அனுபவம் இப்போது செல்லாது. வளாகத்துக்கு வரும் நிறுவனங்களின் எண்ணிக்கை இடத்தின் வேகத்தில் கூடுவதில்லை.

எனவே கேட்க வேண்டியது: உங்கள் துறையில் எத்தனை செக்‌ஷன், எத்தனை ஆசிரியர், அதில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் யார் யார்? 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. இணையதளத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஆனால் அதையும் அப்படியே நம்ப முடியாது என்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் காட்டியது. 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதாகவும், இதில் 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருப்பதாகவும் அது குற்றம் சாட்டியது. பட்டியலில் உள்ள பேராசிரியரின் பெயரைச் சொல்லி, இவர் உங்களுக்கு என்ன பாடம் எடுத்தார் என்று மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். “அப்படி ஒருத்தர் இருக்காரா?” என்று திருப்பிக் கேட்டால் அடுத்த கல்லூரிக்குப் போகலாம்.

கல்லூரியா, பிரிவா?

வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை இது. “நல்ல காலேஜில் ட்ரிபிள் இ கிடைக்குது, சுமாரான காலேஜில் சி.எஸ்.இ. கிடைக்குது. எதை எடுக்கட்டும்?”

என் தீர்ப்பு, கட் ஆஃப் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., ஜி.சி.டி., மதுரை தியாகராசர் போன்ற மேல் அடுக்கில் கல்லூரிதான் முதலில், பிரிவு பிறகு. மென்பொருள் நிறுவனங்களில் பல, எல்லாப் பிரிவு மாணவர்களையும் தேர்வெழுத விடுகின்றன. அவை வளாகத்துக்கு வர வேண்டும், அதுதான் முக்கியம். பி.எஸ்.ஜி.யில் ட்ரிபிள் இ படிப்பவர் கோடிங் கற்றுக்கொண்டு ஐ.டி. பக்கம் போகலாம், மோட்டார், பம்ப் கம்பெனிப் பக்கமும் போகலாம், கேட் தேர்வு எழுதிப் பொதுத்துறைக்கும் போகலாம். சுமாரான கல்லூரியின் சி.எஸ்.இ. மாணவருக்கு வழி ஒன்றுதான்.

நடு அடுக்கில் நிலைமை தலைகீழ். அங்கே கல்லூரிக்கும் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசம் பஸ் நிறத்தில் மட்டும்தான் இருக்கும். பிள்ளைக்குப் பிடித்த பிரிவு, வீட்டிலிருந்து தூரம், கட்டணம் இந்த மூன்றையும் வைத்து முடிவு செய்யுங்கள். தினம் நாலு மணி நேரம் காலேஜ் பஸ்ஸில் போகும் பிள்ளையிடம் சாயங்காலம் கோடிங் பழகச் சொல்வது நடக்காத காரியம்.

கடைசி அடுக்கைப் பற்றிச் சொல்லத் தயங்கக் கூடாது. பாதி இடம் காலி, தேர்ச்சி 20 சதவீதத்துக்குக் கீழே என்றிருக்கும் கல்லூரியில் எந்தப் பிரிவும் காப்பாற்றாது. அதற்குப் பதில் நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதமோ, கணினி அறிவியலோ, பி.சி.ஏ.வோ படித்து எம்.சி.ஏ. போவது எவ்வளவோ மேல். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து வேலையோடு மேற்படிப்பும் தருகின்றன. ‘இன்ஜினியர்’ என்ற பட்டத்துக்காக நாலு வருஷத்தையும் அரியர் மூட்டையையும் சுமக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு வேறு கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

புதுப் பெயர் பிரிவுகள்? செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி என்று பட்டியல் நீள்கிறது. புதிது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். 1949இல் குரோம்பேட்டையில் சி.ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது அங்கிருந்த விமானப் பொறியியல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் எல்லாம் அன்றைக்கு யாருக்கும் பிடிபடாத பெயர்கள்தான். அங்கேதான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். பெயருக்குப் பின்னால் லேபும் ஆசிரியரும் இருந்ததால் அது நின்றது. நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அந்தப் பிரிவின் நாலு வருடப் பாடத்தையும் சி.எஸ்.இ. பாடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் மூன்றும் ஒழுங்காக இருந்தால் பயமில்லை. அரசு வேலை நோக்கம் என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை: டி.என்.பி.எஸ்.சி.யின் பொறியாளர் பணிகளும் கேட் வழியாக எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களில் பெரும்பகுதியும் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் போன்ற பழைய பெயர்களைத்தான் கேட்கின்றன.

கோர் துறையில் போக ஆசைப்படும் பிள்ளைக்கு ஊர் முக்கியம். கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார், நூற்பு இயந்திரம்; ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பக்கம் கார், செல்போன்; ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன். இந்த ஊர்களுக்கு எட்டும் தூரத்தில் படித்தால் ஃபைனல் இயர் புராஜெக்ட்டை நிஜமான ஷாப் ஃப்ளோரில் செய்ய முடியும். எட்டாத ஊரில் அதே புராஜெக்ட் ஜெராக்ஸ் கடையில் விலைக்குக் கிடைக்கும்.

பணம்

அரசுக் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், விழுப்புரம், நாகர்கோவில், பண்ருட்டி போன்ற ஊர்களில் உள்ள அதன் உறுப்புக் கல்லூரிகள் இவற்றில் கட்டணம் சுயநிதிக் கல்லூரிகளைவிட வெகு குறைவு. காரைக்குடி அழகப்பா, சேலம், திருநெல்வேலி, பர்கூர் அரசுக் கல்லூரிகளைப் பலர் பட்டியலில் கீழே தள்ளுகிறார்கள். சிறிய ஊரில் வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் கடனில்லாமல் படித்து முடித்தவர் ஒரு வருடம் வீட்டிலிருந்து கேட் எழுதலாம். மாதத் தவணை கட்டுகிறவர் கிடைத்த முதல் வேலையில் உட்கார வேண்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுணுக்கம். அரசு நடத்தும் கவுன்சலிங்கின் பட்டியலில் ஒரே கல்லூரி, ஒரே பிரிவு, இரண்டு வரியில் வரும். ஒன்றின் ஓரத்தில் ‘எஸ்.எஸ்.’ என்றிருக்கும். அது சுயநிதி இடம். வகுப்பு ஒன்றுபோல இருக்கும், கட்டணம் பல மடங்கு. இரண்டையும் போடலாம், எது எது என்று தெரிந்து போடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழை நீட்டுவதில் பயனில்லை. அரசுப் பள்ளி மாணவரிடம் யாராவது “கவுன்சலிங் எதுக்கு, நேரா சேர்த்துடலாம்” என்றால் அவர் பிள்ளையின் பணத்தைத்தான் எடுக்கப் பார்க்கிறார்.

செலவைக் கணக்கிடும்போது படிப்புக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். பஸ், ஹாஸ்டல், மெஸ், ‘டிரெய்னிங் ஃபீஸ்’, ‘அசோசியேஷன் ஃபீஸ்’, சீருடை, லேப்டாப் எல்லாம் சேர்த்து நாலு வருடத் தொகை என்ன என்று கேளுங்கள். நான் சொல்லும் வரம்பு கொஞ்சம் கறாரானது: மொத்தச் செலவு அந்தக் கல்லூரியின் மீடியன் சம்பளத்தின் இரண்டு வருடத் தொகையைத் தாண்டக் கூடாது. மீடியன் 4 லட்சம் என்றால் 8 லட்சம். அதற்கு மேல் வட்டிக்கு வாங்கிப் போடுவது பிள்ளையின் முப்பது வயது வரை துரத்தும். நன்கொடை கேட்டால் அது 1992ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். ரசீது தர மாட்டார்கள், திரும்பவும் வராது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சிக்கல் வேறு. நுழைவுத் தேர்வு ஏப்ரலில் முடிந்து, மே மாதமே ‘இன்றைக்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும்’ என்று மெசேஜ் வரும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான கவுன்சலிங் அதற்குப் பிறகுதான் நடக்கும். இந்தப் பல்கலைக்கழகங்களில் சில உண்மையிலேயே நல்லவை. நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கிக் கட்டணக் குறைவான பிரிவில் இடம் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். பின்தங்கிய ரேங்க்குக்கு உச்சக் கட்டணத்தில் கிடைக்கும் இடம் வேறு கதை. வகுப்பறை ஒன்று, கொடுத்த விலை இரண்டு மூன்று மடங்கு. முன்பணம் கட்டினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2024இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்று யு.ஜி.சி. சொன்னது, நீங்கள் சேரும் வருடத்துக்கான தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேரில் போங்கள், வேலை நாளில்

‘ஓப்பன் டே’ அன்று போனால் ரோஜாப்பூவும் ஐஸ்கிரீமும் கிடைக்கும். சாதாரண வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். லேப் திறந்திருக்கிறதா, கம்ப்யூட்டரில் தூசியா, நூலகத்தில் ஆள் இருக்கிறார்களா என்று கண்ணே சொல்லும். பிறகு வாசலில் உள்ள டீக்கடைக்கு வந்துவிடுங்கள். உள்ளே பேசாத மாணவர்கள் அங்கே பேசுவார்கள். அப்பா கேட்பதைவிடப் பிள்ளை கேட்டால் பதில் சுத்தமாக வரும். “அண்ணா, உங்க கிளாஸ்ல அரியர் இல்லாம எத்தனை பேரு?” “போன வருஷம் எந்தக் கம்பெனி கடைசியா வந்துச்சு? எத்தனை பேரை எடுத்துச்சு?” “பாடம் புரியலைன்னா யார்கிட்ட போவீங்க?” மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் ஒரு ஆசிரியரின் பெயர் வந்தால் அந்தத் துறையில் உயிர் இருக்கிறது.

பெண் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் விடுதி எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று கேளுங்கள், ஆனால் வழக்கமான காரணத்துக்காக மட்டும் கேட்காதீர்கள். பையன்கள் இரவு ஒன்பது மணி வரை லேபில் இருக்க, பெண்கள் ஆறு மணிக்கே அடைக்கப்பட்டால் ஹேக்கத்தானும் இல்லை, புராஜெக்ட்டும் இல்லை. கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான். ‘கட்டுப்பாடான கல்லூரி’ என்று நாம் பெருமையாகச் சொல்வதன் விலையை மகள் கட்டுகிறாள்.

சாய்ஸ் ஃபில்லிங்

இவ்வளவும் செய்துவிட்டு, கவுன்சலிங் தளத்தில் கல்லூரிப் பட்டியல் போடும் கடைசி அரை மணி நேரத்தில் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம்.

முதலில், போன வருடக் கட் ஆஃப் மார்க்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குப் போடும் கட் ஆஃப், கேள்வித்தாள் எளிதானால் எல்லோருக்கும் சேர்ந்து ஏறும். போன வருடம் 185க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் 188க்கும் கிடைக்காமல் போகலாம். உங்கள் பொது ரேங்க்கும் சமூகப் பிரிவு ரேங்க்கும் எங்கே நிற்கின்றன, போன வருடம் அதே ரேங்க்குக்கு அந்தக் கல்லூரியில் எது கிடைத்தது என்று பாருங்கள்.

அடுத்து, பட்டியலை ஆசை வரிசையில் போடுங்கள். கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை மேலே போட்டால் கீழே உள்ளது கைவிட்டுப் போகும் என்பது வீண் பயம். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து படித்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. எட்டாததை மேலே வைப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. எட்டுவதை மேலே வைத்தால்தான் நஷ்டம்: அது கிடைத்துவிடும், அதைவிட நல்லது கீழே கிடந்து வீணாகும். கல்லூரிப் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே சாமி பெயரில் ஏழெட்டுக் கல்லூரிகள் இருக்கும் மாநிலம் இது. கிண்டி 1, எம்.ஐ.டி. 4, பி.எஸ்.ஜி. டெக் 2006 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.

ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். ‘ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே உள்ளது காலியானால் அதற்குப் போகிறேன்’ என்ற தெரிவை எடுக்கும் முன் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் கையில் இருந்தது தானாகப் போய்விடும். ‘பழசே போதும்’ என்று திரும்ப முடியாது. சேர மனமில்லாத எதையும் மேலே வைக்காதீர்கள். பட்டியலைப் பிள்ளையே காகிதத்தில் எழுதட்டும், பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரிடமோ, ‘உதவி செய்கிறோம்’ என்று போனில் அழைக்கும் ஏஜென்ட்டிடமோ பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பட்டியலைப் பூட்டிய பிறகு அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.